தாங்காத ரத்தம்

பன்னிரண்டு ஆண்டுகளாக விமானத்தில் சொல்லிவந்த அறிவிப்பின் நடுவே ஹெப்சிபாவுக்கு ஒரு சொல் வரவில்லை. கையில் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மைக்கில் "தயவுசெய்து உங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றாள். கையில் இருப்பதன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. முதல் வரிசையில் இருந்த ஒருவர் "பெல்ட்டும்மா" என்று எடுத்துக்கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி அறிவிப்பை முடித்தாள். அன்று மாலை விமானம் மீனம்பாக்கம் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக நிறுவனத்தின் மருத்துவ அறைக்கு வந்தாள்.

தென்வான் விமான நிறுவனத்தின் மருத்துவர் கோமதிநாயகத்துக்கு அவளை நன்றாகத் தெரியும். அந்த ஆண்டில் அவள் வருவது அது நான்காவது முறை. விமானம் மேலேறும்போது ஈரக் காலுறையைப் போல ஒரு நாற்றம், பிறகு தொண்டை எரிச்சல், இரண்டு நாள் தலைவலி, விரல்களில் நடுக்கம். அவர் ரத்தம் எடுத்தார். காரணத்தை மறைக்கவில்லை. பயணிகள் சுவாசிக்கும் காற்று எஞ்சினின் வழியாகத்தான் உள்ளே வருகிறது என்றும், அங்கே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையம் தேய்ந்துவிட்டால் எண்ணெய்ப் புகையும் கூடவே வரும் என்றும் சொன்னார். அந்த எண்ணெயில் இருக்கும் ஒரு பாஸ்பேட் நரம்பைத் தாக்கும். வயலில் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு வரும் கோளாறுக்குத் தூரத்து உறவு.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சார்? அதே பிளைட்ல இருந்த டெரன்ஸ் நல்லாத்தானே இருக்கான்" என்று கேட்டாள் ஹெப்சிபா.

அந்தக் கேள்வியோடுதான் அவர் இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தார். நானூறு பணியாளர்களின் ரத்தத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டிருந்தது. ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அந்த விஷத்தை உடைக்கிறது. சிலருக்கு ஒரு மணி நேரத்தில் உடைந்துவிடுகிறது. ஹெப்சிபாவைப் போன்றவர்களுக்கு அது நாள்கணக்கில் உடம்பிலேயே சுற்றுகிறது. பிறவியிலேயே அமைவது அது, பழக்கத்தால் மாறாது. ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிடம் போதும், யார் எப்படி என்று சொல்லிவிடலாம். அந்தச் சோதனையை அவர் உருவாக்கினார். முடிவு இரண்டே வகை: தாங்கும், தாங்காது.

அவர் கொடுத்த அறிக்கையில் இரண்டு பரிந்துரைகள் இருந்தன. நாற்பத்தோரு விமானங்களிலும் காற்றுக்குழாயில் வடிகட்டி பொருத்த வேண்டும் என்பது முதலாவது. அது முடியும்வரை தாங்காத ரத்தம் உள்ளவர்களை மேலே அனுப்பக் கூடாது என்பது இரண்டாவது.

பணியாளர் நலப் பிரிவின் தலைவி சாருலதா அறிக்கையை முழுவதும் படித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல. பணிப்பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தபோது தன் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர். வடிகட்டி பொருத்த ஒவ்வொரு விமானத்தையும் எட்டு நாள் நிறுத்த வேண்டியிருக்கும், அதை ஒரு குழுதான் முடிவு செய்ய முடியும் என்றார். இரண்டாவது பரிந்துரையைத் திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம் என்றார். கோமதிநாயகம் நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஒன்றாவது நடக்கிறதே என்றுதான் அப்போது அவருக்குத் தோன்றியது.

தொள்ளாயிரத்து முப்பது பேரைச் சோதித்ததில் இருநூற்றுப் பதினோரு பேருக்குத் தாங்காது என்று வந்தது. அத்தனை பேரும் தரைப் பணிக்கு மாற்றப்பட்டார்கள். ஹெப்சிபாவுக்கு வருகை வாயிலில் வேலை. சக்கர நாற்காலி கேட்பவர்களுக்கு ஏற்பாடு செய்வது, தொலைந்த பைகளுக்குப் படிவம் நிரப்பித் தருவது. மாற்றல் கடிதம் வந்த அன்று கோமதிநாயகத்தைப் பார்க்க வந்தாள். அழவில்லை.

"நாத்தம் வந்தா வாயைத் திறந்து சொன்னவங்க நாங்கதான் சார். எங்களை எல்லாம் கீழ இறக்கிட்டா மேல யார் சொல்லுவா?"

வருத்தத்தில் பேசுகிறாள் என்று அவர் நினைத்தார். உன் உடம்பு தேறட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

மாதத்துக்கு எட்டு, பத்து என்று வந்துகொண்டிருந்த நாற்றப் புகார்கள் அடுத்த மாதம் இரண்டாகின. அதற்கடுத்த மாதம் ஒன்றுகூட இல்லை. ஆறு மாதம் அப்படியே போனது. சுத்தமான காற்றுக்கான விருது ஒன்று நிறுவனத்துக்குக் கிடைத்தது. விழாவில் கோமதிநாயகத்தை மேடையேற்றி நான்கு நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசினார். வடிகட்டிக் குழு அதற்குப் பிறகு கூடவே இல்லை. புகாரே இல்லாத ஒன்றுக்குக் கூட்டம் எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

ஏழாவது மாதத்தில் ஒரு நாள் மதியம் ஹெப்சிபா ஒரு சால்வையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். போர்ட் பிளேரிலிருந்து வந்த ஒரு பெண்மணி வாயிலருகே வாந்தி எடுத்துவிட்டு மறந்துபோன சால்வை. பதினேழாம் எண் விமானம் வரும் நாள்களில் எல்லாம் பயணிகள் இப்படித்தான் வருகிறார்கள் என்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, பையை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். கேட்டால் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் கடந்துபோகும்போது தலைமுடியிலேயே அந்த நாற்றம் அடிக்கிறது. இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள். விமானத்துக்குள் பணியில் இருப்பவர் இருவர் கையெழுத்திட்டால்தான் எஞ்சினைத் திறந்து பார்ப்போம் என்று பராமரிப்புப் பிரிவு பதில் அனுப்பியிருந்தது. தரைப் பணியாளருக்கு அந்த உரிமை இல்லை.

"மோந்து பாருங்க சார்" என்று பையைத் திறந்தாள். திறந்த உடனே அவள் கண்ணில் நீர் கட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோமதிநாயகம் சால்வையை முகத்தோடு வைத்து இழுத்தார். தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் பவுடரும். வேறு எதுவும் இல்லை. மறுபடி இழுத்தார். இல்லை.

அவருடைய ரத்தம் தாங்கும் வகை. சோதனையை உருவாக்கியபோது முதல் சொட்டு அவருடையதுதான். சால்வையை மேசைமேல் வைத்தார். பிறகு பழைய புகார்களைக் கணினியில் எடுத்து, எழுதியவர்களின் பெயரையும் ரத்த வகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பத்து ஆண்டுப் புகார்களில் தாங்கும் வகையைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லை.

"ரத்தத்துல இருக்கிற அதே நொதி மூக்குச் சளியிலயும் இருக்குது போல" என்று மெதுவாகச் சொன்னார். "தாங்குறவங்களுக்கு அந்த வாசனை நரம்பைத் தொடுறதுக்கு முந்தியே உடைஞ்சு போயிடுது. அவங்க யாரும் மறைக்கல ஹெப்சி. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப நீங்க பொறுக்கி எடுத்து மேல அனுப்பினது எல்லாம் மூக்கில்லாதவங்களை."

அவர் சால்வையை மறுபடி பைக்குள் வைத்துக் கட்டினார்.

மறுநாள் சாருலதாவிடம் போனார். சால்வையை அவரும் மோந்து பார்த்தார். லேசாக ஏதோ இருக்கிறது, ஆனால் அது நாற்றம் என்று என்னால் எழுதித் தர முடியாது என்றார். விமானத்தில் பணியில் இருக்கும் இருவரின் கையெழுத்தைக் கொண்டுவாருங்கள், அன்றைக்கே விமானத்தை நிறுத்துகிறேன் என்றார். மனதார நம்பித்தான் சொன்னார். அப்படிக் கையெழுத்திடக்கூடிய ஒருவரும் இப்போது மேலே இல்லை என்று கோமதிநாயகம் விளக்கினார். அதை நிரூபிக்க என்ன வழி என்று அவர் கேட்டார்.

பயணியாகப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னது ஹெப்சிபாதான். பயணிகளிடம் யாரும் ரத்தம் கேட்பதில்லை. கோமதிநாயகம் கூடாது என்றார். ஒரு நாள் முழுக்கக் கூடாது என்றே சொன்னார். மறுநாள் பதினேழாம் எண் விமானத்தில் போர்ட் பிளேருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். காற்றைப் பிடித்து அடைக்க நான்கு கண்ணாடிக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டார். ஹெப்சிபாவின் கணவன் ஜெபராஜ் பம்மலில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். அவனிடம் அவள் பயிற்சி வகுப்பு என்று சொல்லியிருந்தாள்.

காலை எட்டு மணிக்கு விமானம் கிளம்பியது. அன்று பணியில் இருந்தவர்களில் டெரன்ஸும் ஒருவன். ஹெப்சிபாவிடம் வேலை பழகியவன். அவளைப் பார்த்ததும் அக்கா என்று ஓடிவந்து, கேட்காமலேயே காபி கொண்டுவந்து வைத்தான்.

அரை மணி நேரத்தில் அவள் முகம் மாறியது. "வருது சார்" என்றாள். கோமதிநாயகம் ஒரு குப்பியைத் திறந்து மூடினார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஜன்னலில் வெயில், கீழே கடல், சுற்றிலும் தூங்குகிறவர்கள். வேறெந்த விமானத்தையும் போலத்தான் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். விரல்கள் நடுங்கத் தொடங்கின. டெரன்ஸைக் கூப்பிட்டாள். அவன் நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்து, குனிந்து, நிமிர்ந்து மோந்து பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணும் வரல. மத்தவங்களையும் கேட்டுட்டேன். யாருக்குமே வரல" என்றான். உதவ முடியாத வருத்தம் அவன் குரலில் இருந்தது.

எதிர்ப்பக்க இருக்கையில் ஓர் இளம்பெண் ஐந்து மாதக் குழந்தையை மடியில் போட்டிருந்தாள். நல்லவேளை அழாமல் தூங்குகிறான் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தாள். கோமதிநாயகத்தின் கண் தற்செயலாகக் குழந்தையின் வாயில் பட்டது. எச்சில் நூலாக வழிந்து தாயின் புடவையை நனைத்திருந்தது. எழுந்துபோய்க் குழந்தையின் இமையைத் திறந்து பார்த்தார். பூச்சிமருந்து ஏறியவர்களுக்குப் போலக் கருமணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. பின்வரிசைகளில் நடந்தார். இரண்டு பேர் வியர்வையில் குளித்திருந்தார்கள். ஒரு முதியவர் தன் மனைவியிடம் நாம் எங்கே போகிறோம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேப்டன் ஹுமாயூன் உள்தொலைபேசியில் வந்தார். டாக்டர் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். காக்பிட்டில் இருக்கும் இரண்டு பேருக்குமே எந்த வாசனையும் இல்லை என்றார். ஆனாலும் நம்புகிறேன் என்றார். நடுக்கடலில் இருந்தார்கள். முன்னால் போனாலும் திரும்பினாலும் ஒரே தூரம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேலிருந்து விழும் முகமூடியை இறக்கலாமா என்று டெரன்ஸ் கேட்டான். அதில் பாதிக்கு மேல் இதே காற்றுதான் கலந்து வரும் என்றார் கேப்டன். சிறிய ஆக்சிஜன் உருளைகள் நான்கு இருந்தன. குழந்தைக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று, மயங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒன்று, ஹெப்சிபாவுக்கு ஒன்று.

"ரெண்டு எஞ்சின்ல இருந்தும் காத்து வருது டாக்டர்" என்றார் கேப்டன். "ஒரு பக்கத்தை மூடிட்டு ஓட்டலாம். ரெண்டையும் மூட முடியாது, எல்லாருக்கும் மூச்சு நின்னுடும். கெட்டது எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. என் மீட்டர் எதுலயும் அது தெரியாது."

கோமதிநாயகம் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றார். நூற்று எழுபத்தாறு பேர் இருந்த அந்த விமானத்தில் அந்த நாற்றத்தை இன்னதென்று அறிந்து அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் இப்போதுதான் முகமூடிக்குள் நாலு மூச்சு நல்ல காற்றை இழுத்து, கொஞ்சம் நிறம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வலப்பக்கத்தை மூடச் சொன்னார். ஐந்து நிமிடம் பொறுத்தார். பிறகு அவள் அருகே முழங்காலிட்டு உட்கார்ந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஹெப்சி. ஒரே ஒரு தடவை. கழட்டிட்டு மோந்து பாரும்மா."

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பின்னாளில் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். முகமூடியைக் கழற்றினாள். ஒரு மூச்சு இழுத்தாள். உடனே இருமல் வந்து உடம்பு இரண்டாக மடிந்தது. "கூடிடுச்சு" என்றாள். நல்ல பக்கத்தை மூடிவிட்டிருந்தார்கள். மிச்சம் வந்துகொண்டிருந்தது முழுக்கக் கெட்ட பக்கத்தின் காற்று.

கேப்டன் மாற்றினார். வலப்பக்கம் திறந்தது, இடப்பக்கம் மூடியது. விமானத்தையும் கீழே இறக்கத் தொடங்கினார். இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் என்ன செய்வது என்பதை அவர் கேட்கவில்லை, ஆனால் இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தார். இந்த முறை கோமதிநாயகம் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆறேழு நிமிடம் ஆனதும் ஹெப்சிபா தானே முகமூடியை இறக்கினாள். அவர் கை பாதி தூரம் போய் நின்றது. அவர் தடுக்கவில்லை. அவள் நீளமாக இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், சரி என்பதைப் போல.

போர்ட் பிளேரில் பதினான்கு பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தை மூன்றாம் நாள் கண்ணை முழுதாகத் திறந்து பால் குடித்தது. குப்பிகளில் இருந்த காற்றைச் சோதித்தார்கள், எண்ணெய் இருந்தது. எஞ்சினைத் திறந்தார்கள், இடப்பக்க வளையம் தேய்ந்து பல்லிளித்தது. எல்லாமே கோமதிநாயகம் சொன்னபடி நிரூபணமானது.

இரண்டு மாதம் கழித்துப் பம்மலில் ஹெப்சிபாவைப் பார்க்கப் போனார். உடம்பில் குறை தெரியவில்லை. பேசும்போது மட்டும் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழுந்தது. அவரைப் பார்த்துச் சிரித்து, "வாங்க" என்றாள். பிறகு அவருடைய பெயரைத் தேடினாள். கிடைக்காமல் கணவனைப் பார்த்தாள். ஜெபராஜ் அவரை வாசல்வரை கொண்டுவந்துவிட்டான். போன வாரம் அடுப்பில் மீன்குழம்பு தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்களாம். அவள் அடுப்பின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாளாம்.

"எந்த வாசனையும் தெரியல டாக்டர். நெருப்பு, சோறு, எதுவும். அதை அவ யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்றா" என்றான். டிக்கெட் எடுத்தது யார் என்று அவன் கேட்கவில்லை. தெரிந்தே கேட்கவில்லை என்று இவருக்குப் பட்டது.

விசாரணைக் குழுவின் அறிக்கை மழைக்காலத்தில் வந்தது. கோமதிநாயகத்தின் பெயர் அதில் மரியாதையோடு குறிப்பிடப்பட்டிருந்தது. எந்தக் கருவியும் கண்டுபிடிக்காததை ஒரு மனித மூக்கு அரை மணி நேரத்தில் கண்டுபிடித்து, எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிட்டது என்று வியந்திருந்தார்கள். வடிகட்டி பற்றிக் குழு மேலும் ஆராயும். இடைக்கால ஏற்பாடாக, ஒவ்வொரு விமானத்திலும் தாங்காத ரத்தம் உள்ள ஒருவர் கட்டாயம் அமர்த்தப்பட வேண்டும். பதவியின் பெயர் காற்றுக் காவலர். தேர்வு, கோமதிநாயகம் சோதனையின்படி.

அவர் ராஜினாமா எழுதினார். சாருலதா அதை வாங்கி வைத்துக்கொண்டு சாந்தமாகப் பேசினார். சோதனை நிறுவனத்துக்குச் சொந்தமானது, அவர் போனால் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதையே செய்வார். அவர் இருந்தால் நிபந்தனை போடலாம். அவர் யோசித்தார். ஒருவருக்கு மாதம் எட்டுப் பறப்புக்கு மேல் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு என்று நிபந்தனை போட்டார். இரண்டையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

விளம்பரம் வந்த முதல் வாரமே மருத்துவ அறைக்கு வெளியே வரிசை நின்றது. படிப்பு வேண்டியதில்லை, ஆங்கிலம் வேண்டியதில்லை, உயரம் வேண்டியதில்லை. சீக்கிரம் நோகும் உடம்பு இருந்தால் போதும். சிலர், தனக்கு மெழுகுவத்தி நாற்றத்துக்கே தலை சுற்றும் என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்தார்கள். தாங்கும் என்று முடிவு வந்த ஓர் இளைஞன் இன்னொரு சொட்டு எடுத்துப் பாருங்கள் சார் என்று விரலை நீட்டியபடி நகர மறுத்தான்.

அன்று கடைசியாக வந்தவள் பெயர் மலர்க்கொடி. வயது இருபத்திரண்டு, செய்யாறுப் பக்கம். காலணித் தொழிற்சாலையில் பசை ஒட்டும் பிரிவில் இருந்தவள், பசை வாடை ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டவள். பத்து நிமிடம் கழித்துத் தாளில் வந்த எண்ணைக் கோமதிநாயகம் இரண்டு முறை படித்தார். ஹெப்சிபாவின் எண்ணைவிடக் குறைவு.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்த வேலையில் என்ன நடக்கும் என்பதை அவளுக்கு ஒளிக்காமல் சொன்னார். கை நடுங்கும். சொல் மறக்கும். ஒருத்திக்கு அடுப்பில் குழம்பு தீய்வதுகூடத் தெரியாமல் போயிருக்கிறது. உனக்குத் தாங்கும் என்று நான் எழுதிவிட்டால் நீ வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

அவள் கவனமாகக் கேட்டாள். "நீங்க சொல்றது புரியுது சார். நான் உக்காரலன்னா அந்த சீட்டு காலியாவே இருக்குமா?"

இருக்காது என்றார். அப்படியே காலியாக இருந்தாலும் அதைச் சுற்றி நூற்றெழுபது பேர் அதே காற்றை இழுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. பேனாவை எடுத்து, தாங்காது என்று எழுதி, கீழே கையெழுத்திட்டார்.

மலர்க்கொடி தாளை வாங்கி, மடங்காமல் உறைக்குள் வைத்தாள். கதவருகே போனவள் திரும்பி நின்றாள். அவள் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

"ஜன்னல் சீட்டு கிடைக்குமா சார்?"

காற்றுக் காவலருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது நடுவரிசை, நடு இருக்கை. இரண்டு எஞ்சின்களின் காற்றும் கலந்து இறங்கும் துளைக்கு நேர் கீழே. அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் அவர்தான்.

"கிடைக்கும்மா" என்றார் கோமதிநாயகம்.